ஒரு படி யூரியா

அப்பா,

குதிகால் வெடிப்புக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த களிம்பை இன்று காலையில் வாங்கி வந்தேன். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டையிலிருக்கும் பொடி எழுத்தைப் படித்தால், முதல் சரக்கே யூரியா. மருந்துக்கடைக்காரர் வேறு, "தைரியமா தேயுங்கம்மா, ஒண்ணும் பண்ணாது" என்று சொல்லி அனுப்பினார். ஒன்றும் பண்ணாதாம். யாரிடம் வந்து சொல்கிறார் பாருங்கள்!

வீட்டுக்கு வந்து நான் செய்த காரியத்தை வேறு யாரிடமும் சொல்ல முடியாது. ஆய்வகத்தில் எதையும் வாயில் வைக்காதே என்று முப்பது வருஷம் மாணவிகளை விரட்டியவள் நான். கதவைச் சாத்திவிட்டு, அந்தக் களிம்பை ஒரு துளி பிதுக்கி, நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தேன். மெழுகும் கசப்புமாக என்னவோ இருந்தது. குளிர்ச்சி தெரியவில்லை. துப்பிவிட்டு, நாலு தரம் வாய் கொப்பளித்துவிட்டு, இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். இத்தனை வருஷம் எழுதாமல் தள்ளிப் போட்டது என் கோழைத்தனம், வேறு காரணம் எதுவும் கிடையாது.

நாரணாபுரம் பக்கம் உங்கள் பெயரைச் சொல்லிக் கேட்டால் முழிப்பார்கள். "நாக்கு அண்ணாச்சி" என்றால் நம் பட்டாசுக் கம்பெனி வாசல் வரை கொண்டுவந்து விடுவார்கள். வெடியுப்பு மூட்டை வந்து இறங்கினால் கோணியைப் பிரித்து ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைப்பீர்கள். கண்ணை மூடுவீர்கள். லாரிக்காரர் உங்கள் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார். நல்ல வெடியுப்பு நாக்கில் பட்டதும் சில்லென்று இருக்கும். "குளிருது, எறக்கு" என்பீர்கள். சமையல் உப்பைக் கலந்திருந்தால், "கரிக்குது, வந்த வழியே கொண்டு போ" என்பீர்கள். விஷ உப்புகளை மட்டும் நாக்குக்குக் கொண்டுபோக மாட்டீர்கள். அவற்றுக்குத் தனி அறை, தனிப் பூட்டு.

அந்த நாக்கைக் காப்பாற்ற நீங்கள் பட்ட பாடு கொஞ்சமா? சீசன் முடியும் வரை வெற்றிலை கிடையாது, ஊறுகாய் கிடையாது, காரக்குழம்பு கிடையாது. விருதுநகரில் நம் தெருவில் நாள் முழுக்க வத்தல் வண்டி போகும், தும்மாமல் வாசலைக் கடக்க முடியாது. அந்த ஊரில் இருந்துகொண்டு நீங்கள் மோர்ச்சோறும் வெறும் அப்பளமும் சாப்பிடுவீர்கள். "ஊரு பூரா மிளகாயில பொழைக்குது, எங்க வீட்டு மனுசருக்கு மிளகாயக் காட்டக் கூடாது" என்று அம்மா அலுத்துக்கொள்வாள்.

நான் மதுரைக்குப் போய் ரசாயனம் படிக்கிறேன் என்றபோது மாமா குதித்த குதி நினைவிருக்கிறதா? பருப்பு மில்லை விட்டுவிட்டு வந்து மூன்று நாள் நம் வீட்டில் உட்கார்ந்து, பொட்டப் புள்ளைக்கு எதுக்கு என்று ஒரே பாட்டைப் பாடினார்.  நாலாம் நாள் நீங்கள் பெட்டி வாங்கி வந்தீர்கள். பஸ் ஏற்றிவிடும்போது என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டீர்கள். "தாயி, காலேஜு சாமான் எதையும் கம்பெனிக்குள்ள கொண்டாரக் கூடாது. எனக்குத் தெரியாம ரெண்டு சரக்கு சேந்துச்சுன்னா அப்புறம் யார் கையிலயும் இல்ல. அத மீறுனா படிப்பு அதோட சரி." நான் உங்கள் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

இரண்டாம் வருஷம் முடிந்து மூன்றாம் வருஷத்தில் கால் வைத்திருந்தேன். அறுபதுகளின் நடுவில், யூரியா அப்போதுதான் ஊருக்குள் வர ஆரம்பித்திருந்தது. நம் மிளகாய்த் தோட்டத்துக்கென்று வட்டார அலுவலகத்தில் தந்த மூட்டை வீட்டுக் கொல்லையில் பிரிக்காமல் கிடந்தது. வெள்ளைக்கார உரம், செடியைக் கருக்கிவிடும் என்று தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள் தொடப் பயந்தார்கள். எனக்கோ அதைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்.

காலாண்டு விடுமுறையில் வந்தபோது, நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் உங்கள் எதிரே கண்ணாடித் தம்ளரில் யூரியாவைக் கரைத்து வைத்து லிட்மஸ் காகிதங்களை முக்கிக் காட்டினேன். சிவப்பு சிவப்பாகவே இருந்தது. நீலம் நீலமாகவே இருந்தது.

"என்ன தாயி, ஒண்ணும் ஆகல?"

"அதாம்ப்பா விசேஷம். அமிலம்னா ஹைட்ரஜனக் குடுக்குறது. காரம்னா வாங்கிக்கிடுறது. இது தண்ணியில ரெண்டுமே செய்யாது. ஆனா ரொம்ப பலமான அமிலம் வந்தா ஒரு ஹைட்ரஜன வாங்கிக்கிடும். ரொம்ப பலமான காரம் வந்தா ஒண்ணக் குடுத்துரும்."

"ஆளப் பாத்து நடக்குற ஆளுன்னு சொல்லு" என்றீர்கள்.

எனக்குக் கோபம் வந்தது. சட்டென்று கோபம் வருவது உங்களிடமிருந்து வந்த குணம்தானே. தட்டுக்குப் பக்கத்தில் தரையில் தண்ணீர் தொட்டு வரைந்தேன். நடுவில் கரி அணு. அதன் தலையில் ஆக்ஸிஜன். இரண்டு பக்கமும் இரண்டு நைட்ரஜன். ஒவ்வொரு நைட்ரஜனுக்கும் இரண்டு ஹைட்ரஜன், ஆக மொத்தம் நாலு. இரண்டு நைட்ரஜன் இருக்கிறதே, அமோனியாவைப்போல் இது நல்ல காரமாக இருக்க வேண்டாமா? இருக்காது. தலையில் இருக்கும் ஆக்ஸிஜன் இரண்டு நைட்ரஜனின் எலெக்ட்ரான்களையும் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொள்கிறது. அமிலம் கொடுக்கும் ஹைட்ரஜனும் அந்த ஆக்ஸிஜனிடம்தான் போய் உட்காரும். அதே இழுப்பால் நைட்ரஜன் பிடித்திருக்கும் ஹைட்ரஜன்களும் கொஞ்சம் தளர்ந்து நிற்கின்றன. தண்ணீர் இருந்தால் ஆகாது. எவ்வளவு பலமான காரத்தைப் போட்டாலும் தண்ணீர் முந்திக்கொண்டு தன் ஹைட்ரஜனைக் கொடுத்துவிடும். ஈரமே இல்லாத யூரியா வேண்டும், சோடியம் வேண்டும். அதில் ஒரே ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்க வேண்டும் என்று எனக்கு வெறி.

"அது உன்ன என்ன பண்ணுச்சு? இருக்குற எடத்துல இருந்துட்டுப் போகட்டுமே" என்று சிரித்தீர்கள். அம்மாவும் சேர்ந்து சிரித்தாள்.

அப்புறம் நான் அந்தத் தம்ளரில் ஒரு சிட்டிகை துவரை மாவைப் போட்டேன். நீங்கள் மோர் குடித்து, கை கழுவி, துண்டில் துடைத்துக்கொண்டு வருவதற்குள் சிவப்புக் காகிதம் நீலமாகிவிட்டது. தம்ளரிலிருந்து தொட்டில் துணி வாடை வந்தது. பச்சைப் பருப்பிலிருக்கும் ஒரு சத்து யூரியாவை உடைத்து அமோனியா ஆக்கிவிடும், அமோனியா காரம் என்று விளக்கினேன். "தொவரம்பருப்புக்கு அம்புட்டுத் தெறமையா!" என்று தம்ளரை முகர்ந்து பார்த்து மூக்கைச் சுளித்தீர்கள். இந்த வாடைதான் ஒரு மாதத்தில் நம்மைத் தேடிவரப் போகிறது என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

கல்லூரியில் எங்கள் விரிவுரையாளர் அம்மா சொல்லியிருந்தார்: "சுத்தமா, ஈரமில்லாம யூரியா கொண்டு வா. சோடியம் நான் தர்றேன்." ஆகவே அந்த விடுமுறையில் கொல்லை மூட்டையிலிருந்து அள்ளி, வெந்நீரில் கரைத்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி ஆறவைத்தேன். மூட்டையில் ஜவ்வரிசிபோல் உருண்டையாக இருந்தது, ஆறியபின் ஊசி ஊசியாகப் பளபளவென்று எழுந்தது. வெயிலில் உலர்த்தினேன். ஆசைக்கு அளவு வேண்டாமா? ஒரு சோதனைக் குழாய்க்கு வேண்டியது ஒரு சிட்டிகை. நான் செய்து வைத்தது ஒரு படி.

புரட்டாசி மழையின் ஈரக்காற்று. வீட்டில் எங்கே வைத்தாலும் மறுநாள் பிசுபிசுத்தது. ஈரமே அண்டாத இடம் எனக்குத் தெரிந்து ஒன்றுதான், நம் கம்பெனியின் உப்பு அறை. தரையெல்லாம் பலகை போட்டு, மூலைக்கு மூலை சுட்ட சுண்ணாம்புக்கல் வைத்திருப்பீர்கள். உங்களுக்குச் சாப்பாடு கொண்டு வந்த ஒரு நாள், பிஸ்கட் தகர டப்பாவில் யூரியாவைப் போட்டு மூடி, அந்த அறையின் கடைசித் தட்டில் பின்னால் தள்ளி வைத்தேன். அங்கே ஒரு மாதம் காயட்டும், தீபாவளி விடுமுறை முடிந்து கல்லூரிக்குப் போகும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று கணக்கு. டப்பாவின் மேல் பெயர் எழுதவில்லை. மறந்துபோய் அல்ல அப்பா. எழுதினால் நீங்கள் பார்த்துவிடுவீர்கள் என்று வேண்டுமென்றே எழுதவில்லை.

தீபாவளிக்குப் பத்து நாள் இருந்தது. விடுமுறைக்கு வந்தவள், அன்றும் தூக்குச்சட்டியோடு பஸ்ஸில் வந்து இறங்கினேன். சாப்பாட்டு நேரத்துக்கு இன்னும் இருந்தது. வேலி ஓரம் வேப்பமரத்தடியில் நீங்கள் நின்றீர்கள், எதிரே மத்தாப்பு முக்கும் கொட்டகை. நாலு பக்கமும் வாசல், உள்ளே நடுவில் மருந்துத் தொட்டி. நம் ஊரில் வெடிக்கும் எரியும் கலவைக்கெல்லாம் மருந்து என்றுதான் பெயர், வெளியூர்க்காரர்கள் கேட்டால் ஆஸ்பத்திரி என்று நினைப்பார்கள். அலுமினியப் பொடி, இரும்புத் தூள், உப்பு எல்லாம் பசையில் குழைந்து சாம்பல் நிறத்தில் கிடக்கும். கம்பிகளை வரிசையாகச் செருகிய மரச்சட்டத்தைப் பெண்கள் தொட்டியில் முக்கி, எடுத்து, வடியவிட்டு, கொடியில் மாட்டுவார்கள். எட்டுப் பேர். அவர்களில் மூத்தவள் பேச்சியக்கா. என்னைத் தூக்கி வளர்த்தவள் மாதிரி அதிகாரம் பண்ணுவாள்.

அவள்தான் வாசலுக்கு வந்து கூப்பிட்டாள். "அண்ணாச்சி, இங்கன வந்து பாருங்க. மருந்து சுடுது."

நீங்கள் போய்த் தொட்டியின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தீர்கள். பேச்சியக்காவும் கையைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள். "வெயில்ல கெடந்த தண்ணியில கரைச்சது, அந்தச் சூடா இருக்கும்" என்றீர்கள். ஆனால் உங்கள் குரலில் தெம்பு இல்லை. அந்நேரம் காற்று நம் பக்கம் திரும்பியது. தொட்டில் துணி வாடை.

 தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு உப்பு அறைக்கு ஓடினேன். என் டப்பா தரையில் திறந்து கிடந்தது. அடி மூலையில் நாலைந்து ஊசிகள் ஒட்டியிருந்தன. அதைக் கையில் எடுத்துக்கொண்டு உங்களிடம் திரும்பி வந்தேன்.

"அப்பா, இதுல இருந்தது எங்க?"

"காலையில ஒரு படி உப்பு கொறஞ்சுச்சு தாயி. கடைசித் தட்டுல அது கெடந்துச்சு. எடுத்துப் போட்டேன். ஏன் கேக்குற?"

"என்ன உப்புன்னு பாத்தீகளா?"

"பாக்காமயா போடுவேன்? நாக்குல வச்சேன். சும்மா ஐஸ் கணக்கா இருந்துச்சு. அந்த மாதிரி உப்பு இந்த வருசம் நமக்கு வரவே இல்ல."

யூரியாவும் குளிரும் அப்பா. தண்ணீரில் கரையும்போது அதுவும் சூட்டை இழுத்துக்கொள்ளும், நாக்குக்கு வித்தியாசம் தெரியாது. ஊசி ஊசியாக இருக்கும்போது கண்ணுக்கும் தெரியாது. அந்த வருஷம் பசைக்கு வழக்கமாக வாங்கும் மாவு கிடைக்காமல், மாமா மில்லில் விழும் துவரை மாவைப் பச்சையாகக் கரைத்துச் சேர்த்துக்கொண்டிருந்தீர்கள். அதுவும் எனக்குத் தெரியும். அந்த ஒரு நிமிஷத்தில் எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்து என் மண்டையில் ஓடிவிட்டது. பருப்பு மாவு யூரியாவை உடைக்கிறது. அமோனியா வருகிறது. அந்தக் காரம் அலுமினியத்தின் மேல்தோலை அரிக்கிறது. தோல் போன அலுமினியம் தண்ணீரோடு சேர்ந்து கொதிக்கிறது, ஹைட்ரஜன் நுரைக்கிறது. நான் யூரியாவிலிருந்து பிடுங்க ஆசைப்பட்ட ஹைட்ரஜன் அது இல்லை, தண்ணீரின் ஹைட்ரஜன். எதுவானால் என்ன, பற்றினால் கொட்டகை போகும்.

"அப்பா, எல்லாரையும் வெளிய கூப்பிடுங்க" என்றேன்.

"எதுக்கு? காரணத்தச் சொல்லு. ஒரு தொட்டி மருந்து தாயி, லோடு ஏத்த லாரி நிக்குது."

காரணம் என் கையில் இருந்தது. அதைச் சொன்னால்தான் நீங்கள் அசைவீர்கள், சொல்லாமல் உங்கள் நாக்கை உங்களால் சந்தேகப்பட முடியாது, இது எனக்கு நன்றாகத் தெரிந்தது. வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை.

பேச்சியக்கா, "ஒரு தரம் முக்குன சட்டம் ரெண்டு காஞ்சு கெடக்கு அண்ணாச்சி, நான் போய் ஒண்ண மறுக்கா முக்கிட்டு வாரேன்" என்று உள்ளே போனாள். இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. அவள் சுவரோரம் சாய்த்திருந்த சட்டத்தை எடுக்கிறாள். இரண்டு கையாலும் பிடித்துத் தொட்டியில் இறக்குகிறாள். "ஆத்தாடி, நுரைக்குதே" என்று பக்கத்திலிருப்பவளிடம் சொல்லிச் சிரிக்கிறாள். மெதுவாகத் தூக்குகிறாள். வடியவிடுகிறாள். ஒரு உதறு உதறிக் கொடியில் மாட்டுகிறாள். அவ்வளவு நேரமும் நான் டப்பாவோடு உங்கள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். என் மனதில் எட்டுப் பெண்கள் இல்லை அப்பா. பெட்டியும் படுக்கையுமாக ஹாஸ்டலை விட்டு வருவதும், மாமா நம் வீட்டு வாசலில் உட்கார்ந்து சிரிப்பதும்தான் இருந்தன.

அப்புறம்தான் சொன்னேன். "அது வெடியுப்பு இல்லப்பா. யூரியா. நான்தான் கொண்டாந்து வச்சேன். அன்னைக்குத் தம்ளர்ல பாத்தீகளே, அதுதான் இப்ப தொட்டிக்குள்ள நடக்குது."

ஏன் வைத்தாய் என்று நீங்கள் கேட்கவில்லை. சத்தியத்தை நினைவுபடுத்தவில்லை. "எம்புட்டு நேரம் இருக்கு?" என்றீர்கள்.

"தெரியலப்பா."

"எல்லாரும் போட்டது போட்டபடி வெளிய வாங்க! ஏ புள்ளைகளா, ஓடியாங்க!" உங்கள் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதே கிடையாது. நாலு வாசலிலும் பெண்கள் தெறித்து ஓடினார்கள். நான் எண்ணினேன். ஏழு. பேச்சியக்கா அடுத்த சட்டத்தைத் தொட்டிக்குள் இறக்கியிருந்தாள். அதை அப்படியே விட மனசில்லாமல் தூக்கிக்கொண்டு நின்றாள், வேலை தெரிந்தவள் புத்தி அது. தொட்டியிலிருந்து புகை எழுந்தது. நீங்கள் ஓடினீர்கள். அவள் கொண்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலைத் தாண்டும்போது உள்ளே வெள்ளை வெளேரென்று ஒரு வெளிச்சம் அடித்தது. சூரியனைப் பார்த்ததுபோல் எனக்குக் கண் தெரியாமல் போயிற்று. பிறகு கொடியிலிருந்த மத்தாப்பெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் பற்றும் சத்தம். ஓடு சரியும் சத்தம். பேச்சியக்காவின் அலறல்.

யாரும் சாகவில்லை. பேச்சியக்காவுக்கு இடது கை முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வெந்துபோயிற்று. உங்களுக்கு முதுகும் ஒரு காதும். அந்த வருஷத் தீபாவளியை வாழையிலையில் குப்புறப் படுத்துக்கொண்டு கழித்தீர்கள். சிவகாசி ஆஸ்பத்திரியில் அடுத்தடுத்த வார்டில் நீங்கள் இரண்டு பேரும் கிடந்தீர்கள். அம்மா இங்குமங்கும் கஞ்சி எடுத்துக்கொண்டு அலைந்தாள்.

விசாரிக்க வந்த அதிகாரியிடம் நீங்கள் சொன்னதை வாசலில் நின்று கேட்டேன். "பேரெழுதாத டப்பாவ எடுத்தது நான். நாக்க நம்பிப் போட்டதும் நான். தப்பு என்னோடது. வேற யாரையும் கேக்காதீங்க." டப்பா எப்படி வந்தது என்று அவர் மறுபடி மறுபடி கேட்டார். "கம்பெனியில ஆயிரம் டப்பா கெடக்கும் சார்" என்று கண்ணை மூடிக்கொண்டீர்கள்.

எழுந்து நடமாடத் தொடங்கியதும் என்னைக் கல்லூரிக்குப் போகச் சொன்னீர்கள். நான் உட்கார்ந்து அழுதேன். "சத்தியத்த மீறிட்டேன்ல" என்றேன். "மீறுனதுக்கு எம் முதுகு வெந்துருச்சு, போதாதா? படிச்ச படிப்புதான அன்னைக்குக் கண்டுபுடிச்சுச்சு, போ தாயி" என்றீர்கள். மாமாவின் முகத்தை நான் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

அதற்குப் பின் எதையும் நீங்கள் நாக்கில் வைக்கவில்லை. கம்பெனி மறுபடி திறந்தபோது, காரத்தை அமுக்க மருந்தோடு போரிக் பவுடர் சேர்க்க வேண்டும் என்று நான் எழுதிக் கொடுத்ததை அப்படியே கேட்டீர்கள். அக்கம்பக்கத்தில் அதுவரை நிறையப் பேருக்கு அந்த வழக்கம் கிடையாது. ஒவ்வொரு தொட்டிக்கும் லிட்மஸ் காகிதம் முக்கிப் பார்த்த பிறகுதான் பெண்களை உள்ளே விடுவீர்கள். வீட்டில் முதல்முறையாகச் சீசன் நடுவிலேயே எலுமிச்சை ஊறுகாய் கேட்டீர்கள். "இனிமே இந்த நாக்குக்குச் சாப்பாட்டு வேலை மட்டுந்தான்" என்றீர்கள். அம்மா சிரித்துக்கொண்டே போட்டாள், நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

எல்லாம் சரி. ஆனால் நீங்கள் ஒன்று செய்தீர்கள், அதுதான் என்னைப் போட்டுக் கொன்றது. வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தக் கதையைச் சொல்வீர்கள். சம்பந்தம் பேச வந்தவர்களிடம்கூடச் சொன்னீர்கள். "எம் மக வாடைய வச்சே கண்டுபுடிச்சா. கண்டுபுடிச்ச அடுத்த நொடி சொல்லிட்டா. எட்டு உசுரு தப்புச்சு." சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பிப் பார்ப்பீர்கள். அடுத்த நொடி. அந்த இரண்டு வார்த்தை வரும்போது எனக்கு அடுக்களையில் ஏதாவது வேலை வந்துவிடும். ஒரு தடவை உங்களிடம் எரிந்தே விழுந்தேன். "ஏன்ப்பா இதையே எல்லார்ட்டயும் சொல்லி மானத்த வாங்குறீக?" "சரி தாயி, ஒனக்குப் புடிக்கலன்னா விடு" என்றீர்கள். அடுத்த மாதமே மறுபடியும் சொன்னீர்கள்.

யூரியாவின் ஹைட்ரஜனை நான் எடுக்கவே இல்லை. விரிவுரையாளர் அம்மா சோடியத்தை மண்ணெண்ணெய்ப் புட்டியிலிருந்து எடுக்கத் தயாராக நின்றார். என்னிடம் யூரியா இல்லை என்றேன். பிறகு நானும் ஆசிரியை ஆகி, வருஷா வருஷம் கரும்பலகையில் அந்த நாலு ஹைட்ரஜனையும் வரைந்து, ஒன்றை அழித்துக் காட்டிப் பாடம் நடத்தினேன். என் ஆய்வகத்தில் பெயர் எழுதாத புட்டியைக் கண்டால் சாமி ஆடுவேன் என்று மாணவிகள் பேசிக்கொள்வார்கள். ஆனால் தப்புப் பண்ணிவிட்டு நடுங்கிக்கொண்டு வந்து நிற்கிறவளை நான் திட்டியதில்லை. அது நீங்கள் கொடுத்தது.

அந்தத் தீபாவளிக்குப் பிறகு நாலு வருஷம்தான் இருந்தீர்கள். நெஞ்சு வலி என்று சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பதினாறாம் நாள் விசேஷத்துக்கு நாரணாபுரத்திலிருந்து எல்லாரும் வந்தார்கள். பந்தி முடிந்து, பாத்திரம் கழுவும் இடத்தில் பேச்சியக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வெந்த கையை முந்தானையால் மூடியிருந்தாள், எப்போதும் அப்படித்தான் மூடுவாள்.

"தாயி, ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்கிடக் கூடாது. அன்னைக்கு நீ டப்பாவக் கையில வச்சுக்கிட்டு ஊமையா நின்னத நான் பாத்தேன்."

நான் கழுவிய பாத்திரத்தையே மறுபடி தேய்த்தேன்.

"ஆசுபத்திரியில எரிச்சல் தாங்காம அண்ணாச்சிட்டச் சொல்லிட்டேன். அதுக்கு அவுக, 'நானும் பக்கத்துலதான நின்னேன் பேச்சி, எனக்குத் தெரியாதா'ன்னாக. 'சின்னப் புள்ள, பயந்துட்டா. நீ அவகிட்டக் கேட்டுறாத. நானும் கேக்க மாட்டேன். அவளா ஒரு நாளு வந்து சொல்லுவா, அப்பக் கேட்டுக்கிடுறேன்'னாக." பேச்சியக்கா என் முகத்தையே பார்த்தாள். "சொன்னியா தாயி?"

சொல்லவில்லை. படிப்பு முடிந்து வந்தபின் ஒரே வீட்டில் உங்களுக்குச் சோறு போட்டிருக்கிறேன், முதுகுத் தழும்புக்கு எண்ணெய் தடவியிருக்கிறேன், சொல்லவில்லை. வந்தவர்களிடமெல்லாம் அந்தக் கதையைச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பிப் பார்த்தீர்களே, அது பெருமையில் பார்ப்பது என்று நினைத்திருந்தேன். நீங்கள் எனக்காகக் காத்திருந்திருக்கிறீர்கள். அன்று அந்தப் பாத்திரங்களுக்கு நடுவில் பேச்சியக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அவளிடம் சொன்னேன். அவள் மன்னித்தாள். உங்களிடம் சொல்ல ஆள் இல்லை.

அப்பா, அடுத்த நொடி நான் சொல்லவில்லை. எல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது. படிப்பு போய்விடுமே என்று பயந்து வாயை மூடிக்கொண்டு நின்றேன். பேச்சியக்கா உள்ளே போய், ஒரு சட்டத்தை முக்கி, எடுத்து, வடியவிட்டு, கொடியில் மாட்டும் வரை நின்றேன். அவள் கை வெந்தது அதனால்தான். உங்கள் முதுகு வெந்ததும் அதனால்தான்.